பென்சில் கிறுக்கல்

அன்புள்ள ஐயா,

சிவகாசியில் அச்சான பழைய காமிக்ஸ் ஒன்றுக்காகக் கையால் வரைந்த அசல் அட்டை ஓவியத்தைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். நாயகன் இரும்புக்கை மாயாவி! ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், மேலே வெற்றிடம். ஓரத்தை வெட்டி லாமினேட் செய்யலாமா? விலை அதிகமா? வீட்டில் ஒரே திட்டு.

க., கோவை

அன்புள்ள க.,

வெட்டாதீர்கள். லாமினேட் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். விலை உங்கள் பாடு. வீட்டில் விழும் திட்டு நியாயமானது.

அது கிறுக்கல் அல்ல ஐயா. எத்தனை அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும் என்று அச்சகத்துக்கு எழுதிய குறிப்பு. மேலே உள்ள வெற்றிடம் தலைப்புக்காக விட்டது. ‘நீலத் தாமரை’ என்ற டின்டின் காமிக்ஸ் கதைக்கு 1936இல் பெல்ஜிய ஓவியர் எர்ஜே முதலில் வரைந்த அட்டை, அச்சிடச் செலவு அதிகம் என்று ஒதுக்கப்பட்டது. ஆறாக மடிந்து பல்லாண்டு ஒரு மேசை இழுப்பறையில் கிடந்த அந்தத் தாள், 2021இல் பாரிஸ் ஏலத்தில் மடிப்புத் தடத்தோடு ஏறத்தாழ 32 லட்சம் யூரோவுக்குப் போனது. நீங்கள் கத்தரிக்கோலைத் தேடுகிறீர்கள்!

அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் மாயாவி இருக்கிறார், விலை இருக்கிறது, வீட்டுச் சண்டைகூட இருக்கிறது. வரைந்தவர் எங்கே?

கல்லூரி விடுமுறையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போனேன். பைண்டிங் பகுதியில் பசைச் சட்டிக்கு மூடியாக ஓர் அட்டை ஓவியம் கிடந்தது. துப்பாக்கியோடு பாயும் ஒருவன். பசையின் ஆவி பட்டு அவன் முகம் கரைந்து கழுத்து வரை வழிந்திருந்தது. பதறிப்போய்க் கேட்டேன். “அச்சாகிவிட்டதே தம்பி, இனி எதற்கு?” என்றார் பைண்டர். அந்த வாரமே ஓவியர் அடுத்த படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார். சட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், “வெள்ளைப் பெயின்ட் தீர்ந்துவிட்டது, அதற்காவது காசு கொடுங்கள்” என்று கேட்டது காதில் விழுந்தது.

நம் ஊர் மட்டும் இல்லை. மாயாவியை 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழுக்கு வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் கால பிரிட்டிஷ் இதழ்கள் பொதுவாக ஓவியர் பெயரை அச்சிட்டதில்லை. 1972இல் தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி வந்தபோது நாமும் கேட்கவில்லை. அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்துக்கு ஓவியர் ஜாக் கிர்பி பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் வரைந்து கொடுத்தார். எண்பதுகளில் அசலைக் கேட்டபோது, நீளமான ஒப்பந்தம் ஒன்றை நீட்டி, கையெழுத்துப் போட்டால் 88 பக்கம் தருவதாகச் சொன்னது மார்வெல். போராடி 1987இல் அவர் மீட்டது இரண்டாயிரத்தை ஒட்டிய பக்கங்கள். கிர்பிக்கே இந்தக் கதி என்றால் சைக்கிளில் வந்தவர் யாரிடம் போய் வழக்காடுவார்?

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லைதான். அன்று அவர் பெயரை நானும் கேட்கவில்லை. நாலு எட்டு வைத்தால் வாசல்; அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை நின்று பார்த்துவிட்டுப் பிழை திருத்தப் போய்விட்டேன்.

சட்டம் போடக் கொடுக்கும் முன் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு எழுதுங்கள். விற்றவரிடமும் கேளுங்கள். ஓவியர் உயிரோடு இருந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள்.