கூப்பிட்டும் ஏன் வருகிறார்கள் இல்லை?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சியில் ஒரு மாதர் சங்கச் செயலாளர். மார்ச் 8 கூட்டத்துக்குப் பக்கத்துக் குடியேற்றத்து மலையகப் பெண்களை மூன்று வருடமாகக் கூப்பிடுகிறோம். வருவது இரண்டு பேர், அதுவும் கடைசி வரிசையில். அவர்களுக்கு விழிப்புணர்வு போதாதா?

பதில்: தங்கச்சி, கூட்டம் எத்தனை மணிக்கு? காலை பத்து மணி என்றால் கச்சான் பிடுங்கப் போகிறவளுக்கு அன்றைய கூலி போச்சு. உங்களுக்கும் எனக்கும் அது ஒரு நாள் லீவு.

நானும் இந்தப் பிழையை விட்டவள்தான். அப்படியொரு குடியேற்றத்தில், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினேன். முடிந்ததும் ஒரு பெண் கேட்டார்: "அடிக்கிற புருசன வெளிய போகச் சொல்றதுன்னா, காணி பெர்மிட் யாரு பேர்ல இருக்குன்னு பாக்கணும்ல அக்கா?" பெர்மிட் என்றால் அரச காணியில் குடியிருக்க அரசாங்கம் தரும் அனுமதிப் பத்திரம். அங்கே பாதிப் பேருக்கு அதுவே இல்லை. அந்தப் பெர்மிட் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகனை வைத்திருந்தது. 2022இல் அதைத் திருத்தினார்கள், நாங்களும் கைதட்டினோம். பெர்மிட் இல்லாதவளுக்கு அந்தத் திருத்தத்தால் என்ன வந்தது? அதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன், வெட்கமாக இருந்தது.

இன்னொன்று. 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் இவை. 2009 யுத்தத்தில் எங்களோடு ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஆட்களின் வாயில் 'தோட்டக்காட்டார்' என்ற இழிசொல் போகவில்லை. உங்கள் சங்கத்தில் யாராவது அப்படிச் சொல்வதுண்டா? இருந்தால் விழிப்புணர்வுக் கூட்டத்தை முதலில் அங்கே வையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பின்னேரம் ஐந்து மணிக்குமேல் கூட்டத்தை அவர்கள் இடத்தில் வையுங்கள். என்ன பேசுவது என்பதை அவர்களே சொல்லட்டும். நிருவாகத்தில் பொருளாளர் பதவி ஒன்றைக் கொடுங்கள். 'உறுப்பினர்' என்று பெயருக்கு ஒரு கதிரை வேண்டாம். காசும் கையெழுத்தும் யாரிடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காணி கேட்பவர்களை அதிகாரிகள் நேரில் விசாரிக்கும் அடுத்த காணிக் கச்சேரிக்கு அவர்களோடு நீங்களும் போய் நில்லுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த உங்கள் கைக்கு அங்கே வேலை இருக்கும்.

அதற்கு முன்னால், வந்த அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் போங்கள். பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்) தருவார்கள். 'இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்' என்று சொல்லாமல் குடியுங்கள். குடிக்காமல் எழும்பிப் போன சங்கத்துக்காரர் யார் யார் என்று அவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.