பெயின்ட் டப்பாவ கீழ வைங்க, முதல்ல அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க

போன தடவ மாடித்தோட்டம் பத்தி எழுதுனேன், அதுக்கு வந்த லெட்டர்ல பாதி செடி பத்தியே இல்ல, செவுரு பத்தி தான். தொட்டி வெச்ச எடத்துக்கு கீழ ரூம்ல ஈரம், பீரோவுக்கு பின்னாடி பூஞ்சைன்னு ஒரே புலம்பல். ஐப்பசி அடைமழை வர்றதுக்குள்ள எழுதிடலாம்னு இந்த தடவ முழுக்க ஓதம் தான்.

கேள்வி: சார், அம்பத்தூர்ல ப்ளாட், முதல் மாடி, கட்டி 8 வருஷம் ஆகுது. பெட்ரூம்ல பீரோவ நகத்தி பாத்தா பின்னாடி செவுத்துல தரையிலேர்ந்து ரெண்டடி உயரத்துக்கு பெயின்ட் கொப்புளம் கொப்புளமா இருக்கு, தொட்டா வெள்ளையா பவுடர் மாதிரி கொட்டுது. ரெண்டு தடவ பட்டி பாத்து பெயின்ட் அடிச்சோம், 6 மாசத்துல திரும்ப வந்துடுச்சு. டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா நிக்குமா?

நிக்காதும்மா, காசு தான் போகும். நீங்க எழுதாம விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு, அந்த செவுத்துக்கு அந்தப்பக்கம் என்ன? பாத்ரூம்னு பந்தயம் கட்டுறேன். கீழ்வீடா இருந்தா மண்ணுலேர்ந்து ஈரம் ஏறுதுன்னு சொல்லலாம், முதல் மாடிக்கு மண்ணு ஏது.

அந்த வெள்ளை பவுடர் உப்பு தான். செங்கல்லயும் சிமென்ட்லயும் இருக்கற உப்ப தண்ணி கரைச்சு எடுத்துட்டு வரும், வெளிய வந்ததும் தண்ணி காத்துல போயிடும், உப்பு மட்டும் தங்கி பூக்கும். மேல பெயின்ட் போட்டு மூடுனா உப்பு உள்ளயே பூத்து பெயின்ட தள்ளும், அதான் கொப்புளம். இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல, என் வீட்டு செவுத்துலயே மூணு தடவ பெயின்ட் அடிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். மூணாவது தடவ பீரோ கதவ திறந்தா ஒரே மக்குன வாடை, அடிப்பக்க ப்ளைவுட் ஊறுன பன்னு மாதிரி உப்பிப்போய், அதுக்கு மேல இருந்த எங்க வீட்டம்மாவோட கூறைப்புடவை மடிப்புல வரிசையா கறுப்பு புள்ளி. இன்னிக்கி வரைக்கும் அத சொல்லிக்காட்டுறாங்க.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி? தண்ணி எங்க தெரியுதுங்கறத விட எப்ப தெரியுதுங்கறது தான் முக்கியம். ஊருக்கு போய் ஒரு வாரம் பாத்ரூம் யாரும் யூஸ் பண்ணலன்னாலும் ஈரம் அப்படியே இருந்தா தண்ணி வர்ற லைன்ல லீக், ஏன்னா அதுல எப்பவும் ப்ரஷர் இருக்கும். யூஸ் பண்ணாதப்ப காஞ்சு, குளிக்க ஆரம்பிச்சதும் திரும்ப வந்தா தண்ணி போற பைப்போ தரையோ. மழைக்கு மட்டும் வந்தா வெளிச்செவுரு. ஒரு காலண்டர்ல பென்சிலால குறிச்சு வெச்சு பாருங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சுடும்.

அடுத்து பாத்ரூம் தரை. நானி ட்ராப் (தரைல தண்ணி வெளிய போற ஓட்டை) வாய துணியும் ப்ளாஸ்டிக் கவரும் வெச்சு நல்லா அடைச்சு, ஒரு இன்ச் தண்ணி நிறுத்தி, மட்டத்த செவுத்துல கோடு போட்டு, ஒரு நாள் விடுங்க. அன்னிக்கி வேற பாத்ரூம்ல குளிச்சுக்கோங்க. மட்டம் சும்மாவே லேசா குறையும், ஆனா நல்லா இறங்கி பெட்ரூம் செவுத்துல ஈரம் கூடுனா தரை தான் வில்லன். ப்ளாட்ல பாத்ரூம் தளத்த பள்ளமா இறக்கி, பைப் போட்டு, மேல செங்கல் துண்டெல்லாம் கொட்டி மூடியிருப்பாங்க, இத சங்கன் (sunken) ஸ்லாப்னு சொல்வாங்க. டைல்ஸ் இடுக்கு வழியா போற தண்ணி அங்க தொட்டி மாதிரி தேங்கி நின்னு, மெதுவா பக்கத்து செவுத்துல ஏறும்.

முதல்ல செலவு கம்மியானத பண்ணுங்க. டைல்ஸ் இடுக்குல பழைய வெள்ளை சிமென்ட சுரண்டிட்டு எபாக்ஸி க்ரவுட் (இடுக்க அடைக்கற தண்ணி புகாத கலவை) போடுங்க, ட்ராப்ப சுத்தியும் மூலையும் ரொம்ப முக்கியம். ஒரு ரூபா காசால டைல்ஸ தட்டி பாருங்க, டொக்குடொக்குன்னு பொந்து சத்தம் வர்ற டைல்ஸ மாத்திடுங்க. அதுக்கும் நிக்கலன்னா தரைய உடைச்சு வாட்டர் ப்ரூஃபிங் பண்றத தவிர வழியில்ல. அப்படி பண்ணா டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி காட்ட சொல்லுங்க, மேஸ்திரி முகம் சுளிப்பார், கண்டுக்காதீங்க.

லீக் நின்னதும் அன்னிக்கே பெயின்ட் வேணாம். உப்பு ஏறுன பூச்ச கொத்திட்டு உலர்ந்த ப்ரஷால தேய்ங்க, தண்ணி போட்டு கழுவுனா உப்பு திரும்ப உள்ளயே போகும். சில வாரம் காய விடணும். அந்த செவுத்துல ஸ்விட்ச் போர்டு இருந்தா இதெல்லாத்துக்கும் முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, அதுவரைக்கும் அந்த லைன ஆஃப் பண்ணி வைங்க.

கேள்வி: அண்ணா, வீட்ல மூணே பேர், 1000 லிட்டர் டேங்க். முன்னாடி ஒரு நாளைக்கு ஒரு தடவ மோட்டார் போட்டா போதும், இப்ப ரெண்டு தடவ போடுறோம். எங்கயும் ஈரமே தெரியல.

தம்பி, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எல்லா குழாயும் மூடி, டேங்க்ல ஒரு குச்சிய விட்டு மட்டத்த குறிச்சு வைங்க. ராத்திரி யாரும் பாத்ரூம் போகாம இருக்கறது கஷ்டம் தான், ஒரு பக்கெட்ல தண்ணி பிடிச்சு வெச்சுக்கோங்க. காலைல மட்டம் இறங்கியிருந்தா மறுநாள் டேங்க்லேர்ந்து இறங்கற லைன்ல ஒவ்வொரு கேட் வால்வா மூடி இதையே பண்ணுங்க, எந்த வால்வ மூடுனா இறக்கம் நிக்குதோ அந்த லைன்ல தான் ஓட்டை.

ஆனா அதுக்கும் முன்னாடி ஃப்ளஷ் டேங்க்ல நாலு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம பாருங்க. கீழ பீங்கான்ல நீலம் எட்டிப்பாத்தா உள்ள வாஷர் போச்சு, மாத்துனா முடிஞ்சது கதை. சொட்டு தானேன்னு விடாதீங்க, செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லின்னு வெச்சாலே 4 லிட்டருக்கு மேல போகுது.

கேள்வி: ஏசிக்கு கீழ செவுரு நனையுது, பைப் லீக்கா சார்?

ட்ரெயின் ட்யூப் அடைச்சிருக்கும், இல்ல வெளிய போற எடத்துல மேல் நோக்கி வளைஞ்சிருக்கும். சர்வீஸ்காரர சரி பண்ண சொல்லுங்க. செவுத்த உடைச்சுடாதீங்க!

கேள்வி: மயிலாப்பூர்ல அப்பா 1985ல கட்டுன வீடு. மாடி ரூம் சீலிங்ல பழுப்பு வட்டம் இருந்துச்சு, போன வாரம் அந்த எடத்துல ஒரு சில்லு பெயர்ந்து விழுந்து உள்ள கம்பி தெரியுது.

முதல்ல கட்டில அந்த எடத்துலேர்ந்து நகத்துங்க, இன்னிக்கே. தண்ணி பட்டு கம்பி துருப்பிடிச்சா துரு இரும்ப விட பல மடங்கு எடத்த அடைக்கும், அது கான்க்ரீட்ட பொளந்து தள்ளும். விழுந்தது ஒரு சில்லுன்னாலும் சுத்தி இன்னும் உப்பிட்டு இருக்கும். மேல சிமென்ட் அப்பி மூடுறவங்கள நம்பாதீங்க, உள்ள துரு வேலைய பாத்துட்டே இருக்கும். சுத்தி கொத்தி, கம்பிய தேய்ச்சு, துரு தடுப்பு அடிச்சுட்டு தான் பூசணும். கம்பி மெலிஞ்சிருந்தா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாக்காம தொடக்கூடாது.

அப்புறம் மேல ஏறுங்க. அந்த காலத்து மொட்டை மாடில சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணி தெளிச்சு, கட்டையால நாள்கணக்கா அடிச்சு தட்டோடு பதிப்பாங்க, நல்ல வேலை தான், ஆனா ஓட்டு இடுக்கு வெடிச்சா போச்சு. நாலு பக்கெட் தண்ணி ஊத்தி எங்க தேங்குதுன்னு பாருங்க, மழைநீர் பைப் வாய்ல வேப்பஞ்சருகு அடைச்சிருக்கும். கைப்பிடி செவுத்து வெடிப்புல அரசங்கன்னு இருந்தா மேலாக்க பிச்சா பத்தாது, வேர் உள்ளயே நின்னு திரும்ப துளிர்க்கும்.

கேள்வி: மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி எங்க சமையலறை சீலிங்ல சொட்டுது. அவங்க "எங்க வீட்ல ஈரமே இல்லையே"ங்கறாங்க. வாங்கி 3 வருஷம் தான் ஆகுது.

அவங்க சொல்றது பொய்யில்ல, ஈரம் உங்களுக்கு தான் தெரியும். சண்டை போடாம நாலு நாள் சொட்டுற நேரத்த வீடியோ எடுத்து காட்டுங்க, மேல சொன்ன தண்ணி கட்டுற டெஸ்ட்ட அவங்க பாத்ரூம்ல அசோசியேஷன் ஆள் ஒருத்தர வெச்சு பண்ணுங்க. தரைன்னு தெரிஞ்சா அவங்க செலவா உங்க செலவான்னு பேசறதுக்கு முன்னாடி பில்டருக்கு லெட்டர் போடுங்க. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்துல சாவி கொடுத்த நாள்லேர்ந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல, வேலைப்பாட்டுல குறை இருக்குன்னு சொன்னா 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணித் தரணும், பண்ணலன்னா ரெரா ஆணையத்துல புகார் கொடுக்கலாம். போன்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க. மேல் வீட்டுக்காரர் கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடுங்க, வீடு அவரோடது, புகார் அவர் பேர்லயும் போனா நல்லது.