போர்ட்ஃபோலியோவுக்கு ஓர் ஒலி நிறுவல்: ‘ஆமாம்’ என்று மட்டும் கேட்க விரும்பும் காதுக்கு

வேலை தேடுவதற்கான போர்ட்ஃபோலியோவுக்கு ஓர் ஒலி நிறுவல், அதாவது பார்வையாளர் உள்ளே நுழைந்து கேட்கும் படைப்பு, செய்யத் திட்டம் எழுதிக் கருத்துக் கேட்டிருக்கிறீர்கள். எதிரொலி அறை (நம் கருத்தே நமக்குத் திரும்பத் திரும்பக் கேட்கும் சூழல்), உறுதிப்படுத்தல் சார்பு (நம் எண்ணத்தை ஆமோதிப்பதையே தேடும் மனச்சாய்வு) இரண்டையும் ஒலியில் காட்டப் போகிறீர்கள். தலைப்பு நல்லது. திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். நான்கு ஸ்பீக்கர்களில் நான்கு கருத்துகளை ஓடவிட்டு, பார்வையாளர் எதன் அருகில் நிற்கிறாரோ அதன் சத்தத்தைச் சென்சார் கூட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒலியைத் தேர்ந்தெடுப்பது இயந்திரம். பார்வையாளரின் மனச்சாய்வுக்கு அதில் வேலையே இல்லை. நேர்காணலில் முதல் கேள்வி இதுவாகத்தான் வரும். இன்னொரு சிக்கல், பதிவான குரலில் சர்ச்சைக்குரிய கருத்து இருந்தால் எல்லோரும் அந்தக் கருத்தோடு சண்டை போடுவார்கள். உங்கள் வடிவமைப்பை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

குரலை விட்டுவிடுங்கள், சுரங்களை எடுங்கள். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனை உங்களுக்கு அப்படியே பொருந்தும். அவர் 2-4-6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, வேறு மூன்றெண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் ‘இரண்டிரண்டாகக் கூடும்’ என்று மனதில் நினைத்துக்கொண்டு 8-10-12 போன்றவற்றையே சொன்னார்கள், ‘சரி’ என்ற பதில் கிடைத்தது, நம்பிக்கை ஏறியது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். தன் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்க யாருக்கும் எளிதில் தோன்றுவதில்லை.

இதை ஒலியாக்குங்கள். எட்டுப் பெரிய ஆர்கேட் பட்டன்கள், காதுக்குச் சம இடைவெளியில் ஏறும் எட்டுச் சுரங்கள்: 262 ஹெர்ட்ஸில் தொடங்கி 294, 330, 370, 415, 466, 523, 587. முதலில் இயந்திரம் 2, 4, 6-ஆம் சுரங்களை வாசித்துக் காட்டும். பிறகு பார்வையாளர் மும்மூன்றாக அழுத்திப் பார்ப்பார். விதி: ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட உயர்ந்திருக்க வேண்டும். விதிக்குப் பொருந்தினால் அந்த மூன்று சுரங்களும் எதிரொலியோடு திரும்பி வரும், ஒவ்வொரு ‘ஆமா’முக்கும் எதிரொலி தடிமனாகும். பொருந்தாவிட்டால் அறை அமைதியாகும். எட்டுப் பட்டனில் மூன்று முறை அழுத்த 512 வழிகள் உண்டு; அவற்றில் விதிக்குப் பொருந்துபவை 56 மட்டுமே. கண்டபடி தட்டும் குழந்தைக்கு ‘இல்லை’ உடனே கிடைத்துவிடும், யோசித்து அழுத்தும் பெரியவர்தான் ‘ஆமாம்’களுக்குள் சிக்கிக்கொள்வார். இந்த நிறுவலின் உயிர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எதிரொலிக்கு டிலே, அதாவது ஒலி திரும்பி வர எடுக்கும் நேரம், 0.4 விநாடி வையுங்கள். ஃபீட்பேக், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒலியில் எவ்வளவு பங்கு திரும்பி வரும் என்பது, 0.5-இல் தொடங்கட்டும், ஒவ்வொரு ‘ஆமா’முக்கும் 0.08 கூடி 0.9-இல் நிற்கட்டும். 0.5-இல் ஒலி 60 டெசிபல் தேய 4 விநாடி போதும், 0.9-இல் ஏறக்குறைய 26 விநாடி ஆகும். ஐந்து ‘ஆமாம்’ ஆனதும் புதிதாக அழுத்திய சுரமே பழைய ஒலிகளுக்குள் புதைந்துபோகும். ஃபீட்பேக் 1-ஐ எட்டினால் ஒலி தேயவே தேயாது, தாண்டினால் வளர்ந்து வெடிக்கும். பலர் தவறுவது இங்கேதான்: நான்கு ஸ்பீக்கர்களுக்கும் நான்கு டிலே வைத்து, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கும் கொடுப்பார்கள். தனக்கு 0.9, பக்கத்துக்கு 0.2 என்றால் மொத்தம் 1.1, அறை அலறும். கூட்டுத்தொகையே 0.9-ஐத் தாண்டக் கூடாது. எதிரொலிச் சுழற்சிக்குள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ், 4500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள், கடைசியில் ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர். ஃபீட்பேக் மதிப்பைச் சட்டென மாற்றினால் ‘டிக்’ என்று கேட்கும், 50 மில்லி விநாடியில் நகர்த்துங்கள்.

மென்பொருளுக்கு, ஒலி நிரல் எழுத உதவும் ப்யூர் டேட்டா போதும், இலவசம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்தால் நான்கு வெளியீடுள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் தனியாக வேண்டும். பை 5-இல் ஹெட்ஃபோன் துளைகூடக் கிடையாது. பட்டன்களில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு முறை அழுத்தும்போது உலோகத் தொடுமுனை துள்ளி இரண்டு அழுத்தமாகப் பதிவாகலாம். ஒரே சுரம் இரு முறை வந்தால் விதி மீறலாகி, பார்வையாளர் செய்யாத தவறுக்கு ‘இல்லை’ வரும், சோதனையே பொய்யாகும். முதல் தொடுதலுக்குப் பின் 30 மில்லி விநாடி எதையும் ஏற்காதபடி நிரலில் எழுதுங்கள்.

‘இல்லை’க்கு பஸ்ஸர் வைக்காதீர்கள். அது தண்டனையாகக் கேட்கும், ஆட்கள் இன்னும் அதிகமாக ‘ஆமா’மைத் தேடுவார்கள். ஒன்றரை விநாடியில் அறை அமைதியாகட்டும். ஆனால் வெறும் அமைதியைப் பழுது என்று நினைப்பார்கள், அதனால் அழுத்திய பட்டனில் ஒரு விளக்கு எரிய வேண்டும். 90 விநாடி யாரும் தொடாவிட்டால் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பட்டும், அடுத்தவர் முந்தியவரின் எதிரொலிக்குள் நுழையக் கூடாது.

அறை 3×4 மீட்டர் இருக்கலாம். சதுரம் வேண்டாம், நீளமும் அகலமும் ஒன்றானால் ஒரே அதிர்வெண்ணில் இரட்டிப்பாக முழங்கும். சுவர்களில் கனமான திரை. பார்வையாளர் நிற்குமிடத்தில் 75 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன் முதல் வாரமே ஒரு சாதாரண கீபோர்டில் பத்துப் பேரிடம் சோதித்துப் பாருங்கள், ‘ஆமாம்’, ‘இல்லை’யை நீங்களே வாயால் சொல்லி. ஆட்டம் அங்கே பிடிக்கவில்லையென்றால் ஸ்பீக்கர்கள் அதைக் காப்பாற்றாது.

நிறுவல் ஓடும்போது அழுத்திய சுரங்களையும் நேரத்தையும் மட்டும் கோப்பில் பதிவு செய்யுங்கள், பெயரும் முகமும் தேவையில்லை. முதல் ‘இல்லை’க்கு முன் ஒருவர் எத்தனை ‘ஆமாம்’ சேர்த்தார் என்ற அட்டவணைதான் போர்ட்ஃபோலியோவின் முதுகெலும்பு. அதோடு இரண்டு நிமிட வீடியோ, சிக்னல் வரைபடம், தோற்றுப்போன ஒரு வடிவமும் அது ஏன் தோற்றது என்ற விளக்கமும் வையுங்கள். அருங்காட்சியக ஊடாடு வடிவமைப்பு, கேம் ஆடியோ, கருவிகளுக்கான ஒலி வடிவமைப்பு என எந்த வேலைக்குப் போனாலும் அந்தத் தோல்விப் பக்கத்தைத்தான் நிதானமாகப் படிப்பார்கள்.

தேர்வாளர் ஒருவர், வேசன் கண்டது சார்பே அல்ல என்று மறுக்கலாம். ஆய்வாளர்கள் கிளேமனும் ஹாவும் 1987-இல் அப்படித்தான் வாதிட்டார்கள்: ஊகத்துக்குப் பொருந்துவதைச் சோதிப்பது பல சூழல்களில் நியாயமான உத்தி, உண்மையான விதி ஊகத்தைவிட அகலமாக இருக்கும்போதுதான் அது காலை வாரும். உங்கள் நிறுவல் வேண்டுமென்றே அப்படிப்பட்ட விதியைத் தேர்ந்திருக்கிறது என்பதை, அவர் கேட்பதற்கு முன் நீங்களே விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.