ஆய்வகத்தில் வளரும் உறுப்பு மாதிரிகள்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தக்கலை வாசகி: தோலிலிருந்து எடுத்த செல் எப்படி மூளைத் திசுவாக மாறும்?

தோல் செல்லிலும் முழு மரபணுத் தொகுதி இருக்கிறது. அதில் தோலுக்குத் தேவையானவை மட்டுமே இயங்குகின்றன. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா குழுவினர் எலியின் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருநிலையை ஒத்த ஸ்டெம் செல்லாக, அதாவது உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்லாக, மாற்றினர். மனித செல்லில் அது மறு ஆண்டே கைகூடியது. அத்தகைய செல்களைக் கூழ்போன்ற ஊடகத்தில் வைத்து, கருவில் வளர்ச்சிக் காரணிகள் (செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள்) கிடைக்கும் அதே வரிசையில் அவற்றைக் கொடுத்துவந்தால், செல்கள் தாமாகவே அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு, சில மில்லிமீட்டர் அளவுள்ள ஆர்கனாய்டாக, அதாவது உறுப்பின் சிறு மாதிரியாக, உருவெடுக்கின்றன. மூளைத் திசுவை இம்முறையில் வளர்த்ததை மேடலின் லங்காஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்டனர். யாரும் செதுக்காமலே செல்கள் இவ்வாறு வடிவம் கொள்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மார்த்தாண்டம் வாசகர்: என் தந்தை டயாலிசிஸ் செய்துவருகிறார். அவருக்குச் சிறுநீரகம் வளர்த்துப் பொருத்த முடியுமா?

இப்போது முடியாது. இதை நம்பி மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இம்மாதிரிகளில் முறையான ரத்த ஓட்டம் இல்லாததால், ஆக்சிஜன் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி ஆழம் வரையே செல்கிறது. கால்வாய்த் தண்ணீர் எட்டாத கடைமடை வயலைப் போல நடுப்பகுதிச் செல்கள் மடிகின்றன. சிறுநீர் வெளியேறும் வழியும் அவற்றில் இல்லை. எனினும், ஒரு மருந்து சிறுநீரகச் செல்லுக்கு நஞ்சாகுமா என்பதை மனிதருக்குக் கொடுக்கும் முன்பே சோதிக்க அவை பெரிதும் உதவுகின்றன.

மணவாளக்குறிச்சி வாசகி: எங்கள் கடற்கரை மணலிலுள்ள, தோரியம் கலந்த மோனசைட் கனிமத்தின் கதிர்வீச்சு விளைவை இவற்றில் அறியலாமா?

ஓரளவு அறியலாம். கதிர்வீச்சு டிஎன்ஏவை எவ்வாறு சேதப்படுத்துகிறது, செல் அதை எவ்வளவு விரைவில் சரிசெய்கிறது என்பவற்றை நேரடியாகக் காணலாம். ஆனால் குறைந்த அளவுக் கதிர்வீச்சில் வாழ்நாள் முழுவதும் இருப்பதன் விளைவை, நோய் எதிர்ப்பு மண்டலமோ ஹார்மோன் சுழற்சியோ இல்லாத, பெரும்பாலும் சில மாதங்களே பேணப்படும் திசு தனியாகக் காட்டிவிடாது. அதற்கு மக்களிடையே நீண்டகாலம் நடத்தும் ஆய்வுகளே அடிப்படை.

நாகர்கோவில் மாணவி: இத்துறைக்கு அருகில் எங்கே வாய்ப்புள்ளது?

திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவில் திசுப் பொறியியல் ஆய்வு நடைபெறுகிறது. 2023இல் திருத்தப்பட்ட இந்திய மருந்து விதிகள், விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய மாதிரிகளையும் ஏற்கின்றன. முதலில் செல் வளர்ப்பை, குறிப்பாகக் கிருமி புகாமல் வேலை செய்யும் பழக்கத்தை, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.