பெட்ரோல் எதிர்த்துத் துப்புதா? காத்துக்குழாயைப் பாருங்க

நாகமரைப் பக்கம் ஃபைபர் படகு ஓட்டுறீங்க, ரெண்டு லிட்டர் ஊத்துறதுக்குள்ள பெட்ரோல் மூடி வாயிலயே பொங்குது, சுத்தி மஞ்சக் கறை வேறன்னு கேட்டிருந்தீங்க. டேங்கை மாத்திடாதீங்க அண்ணே. உள்ள இருக்கிற காத்துக்கு வெளியேற வழியில்லன்னா பெட்ரோல் எப்படி இறங்கும்?

எங்க படகுல, டேங்க் காத்து வெளியேறுற பக்கவாட்டுக் காத்துக்குழாய் வாயில குளவி மண்கூடு கட்டியிருந்துச்சு. கம்பியால குத்தினா பொலபொலன்னு செம்மண்ணு! பேட்டரி ஒயரை முதல்ல கழட்டுங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், படகு அடியிலயே தங்கும். அப்புறம் குழாயை டேங்க் பக்கம் கழட்டி சைக்கிள் பம்ப்பால ஊதுங்க. டேங்க்குக்குள்ள கம்ப்ரஸர் காத்து வேண்டவே வேண்டாம். குழாய் தொய்ஞ்சிருந்தா அந்தப் பள்ளத்துல பெட்ரோல் தேங்கித் திரும்ப அடைக்கும். இழுத்துத் தூக்கிக் கட்டுங்க. நம்மூர் வெயிலுக்குப் பெட்ரோல் விரியும், கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க.

கறைக்குத் தின்னர் வேண்டாம், மேல்பூச்சு மங்கிடும். கரையேத்தி வச்சு பாத்திரம் கழுவுற சோப்பு, காஞ்சதும் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்ச்சு மெருகேத்துற பசை), மேல மெழுகு. ரொம்பப் பழைய கறைன்னா லேசா நிழல் மாதிரி நிக்கும், விட்டுடுங்க.