முதல் தடவை ஃபிட்ஸ் வந்தது, ஸ்கேன் நார்மல். இது காக்காய் வலிப்பா?

கேள்வி: என் மகனுக்கு (19 வயது) போன வாரம் முதல்முறையாக ஃபிட்ஸ் வந்தது. சி.டி. ஸ்கேன் நார்மல் என்கிறார்கள். இது காக்காய் வலிப்பா? ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா?

நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்கு பிளஸ் டூ படிக்கும்போது இதேதான் நடந்தது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். மாசி மகத்தன்று பகல் முழுக்க தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுற்றிவிட்டு, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்தான். விடிந்ததும் பல் விளக்கப் போனவன் ஒரு கத்து கத்திவிட்டு அப்படியே சாய்ந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். பக்கத்து வீட்டு மாமா பல்லிடுக்கில் கரண்டியைக் கொடுத்தார். இரண்டும் தப்பு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அதுவே நின்றுவிடும். கரண்டியால் பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போனால்தான் ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தாலோ உடனே 108.

முதலில் போன இடத்தில் சி.டி. எடுத்தார்கள், நார்மல். ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மாத்திரையை எழுதி, "ஆயுசுக்கும் போடணும்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன நடந்தது, யார் பார்த்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்து புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பியல் டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, "அவன் விழுந்ததை யார் பார்த்தீங்க?" என்றார். அம்மாவிடம்தான் எல்லாக் கேள்வியும். விழும் முன் கண் இருட்டியதா? முகம் வெளுத்ததா, உதடு நீலமானதா? தலை ஒரு பக்கமாகத் திரும்பியதா? நாக்கின் ஓரம் கடிபட்டதா? எவ்வளவு நேரம் கழித்துத் தெளிவாகப் பேசினான்? வெறும் மயக்கம் போட்டு விழுபவர்களுக்கும் சில நொடி கைகால் துடிக்குமாம். ஆனால் அவர்கள் முகம் வெளுத்து விழுந்து, சட்டென்று தெளிந்துவிடுவார்கள். தம்பி அரைமணி நேரம் அம்மாவையே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனிடம் கேட்டார்: "தம்பி, காலைல எழுந்ததும் கை வெடுக்குனு உதறி எதையாவது கீழ போட்டிருக்கியா?"

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வருஷமாக காபி டம்ளர் கைநழுவும், பிரஷ் பறக்கும். "கவனம் எங்கடா இருக்கு" என்று அப்பா தினமும் திட்டுவார். ஃபெனிட்டாய்ன் ஆரம்பித்த பிறகு அது இன்னும் கூடியிருந்தது. அந்த உதறல்களும் வலிப்புதான் என்றார் டாக்டர். நாங்கள் முதல் வலிப்பு என்று நினைத்தது முதலாவதே இல்லை. ராத்திரி தூங்கவிடாமல் வைத்து எடுத்த இ.இ.ஜி.யில் (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) உறுதியானது. ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்று பெயர். பதின்வயதில் தொடங்கும், தூக்கம் கெட்டால் கிளம்பும். ஃபெனிட்டாய்ன் இந்த உதறலைக் கூட்டக்கூடிய மருந்து என்று அதை நிறுத்தி, சோடியம் வால்ப்ரோயேட்டுக்கு மாற்றினார். (பெண் பிள்ளைகளுக்கு இதை எழுத டாக்டர்கள் தயங்குவார்கள், பிற்பாடு கருவைப் பாதிக்கும்.)

உங்கள் மகனுக்கும் இதேதான் என்று சொல்லவில்லை. ஒரு தடவை வந்ததாலேயே அது வலிப்பு நோய், அதாவது நீங்கள் கேட்ட காக்காய் வலிப்பு, ஆகிவிடாது. ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ இறங்கினால் வரும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வரும். இப்படிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தால்தான் பொதுவாக அந்தப் பெயர். ஒரே முறை வந்திருந்தாலும், திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று பரிசோதனைகள் காட்டினால் அப்போதும் சொல்வார்கள். காரணமில்லாமல் ஒருமுறை வந்தவர்களில் 100-க்கு 21 முதல் 45 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. அதனால் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. இரண்டும் சரியாக இருந்தால் மாத்திரை கொடுக்காமல் காத்திருப்பதும் உண்டு. சி.டி. நார்மல் என்பதோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊர்ப்பக்கம் மூளையில் நாடாப்புழுக் கட்டி, காசநோய்க் கட்டி இரண்டும் முக்கியக் காரணங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. நாடாப்புழு முட்டை கழுவாத காய்கறி வழியாகவும் வரும், பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் வரும்.

முடிவு தெரியும்வரை பைக் சாவியை வாங்கி வையுங்கள். கடல், கிணறு, குளம் வேண்டாம். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். ராத்திரித் தூக்கம் கெடவே கூடாது.

"வெளியில சொல்லாதீங்க, நாளைக்குப் பொண்ணு தர மாட்டாங்க" என்று எங்கள் அத்தை அழுதார். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொல்லும் வார்த்தையை 1999-லேயே நீக்கியாயிற்று. தம்பியின் நண்பர்கள் நாலு பேருக்கு நாங்களே சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைப்பதையும் காட்டிக்கொடுத்தோம்.

உங்கள் மகன் விழுந்ததை முதலில் பார்த்தது யார்? நீங்கள் இல்லையென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர முடியாவிட்டால், அவர் பார்த்ததை மறப்பதற்குள் இன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். திரும்ப வந்தால் பக்கத்தில் ஒருவர் அவனைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். காலையில் டம்ளர் கைநழுவுகிறதா என்றும் அவனிடம் கேளுங்கள்.