அகபாவில் ஒரு குறுக்குக் கேள்வி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் பைஅத் என்றால் ஷெய்கின் (ஆன்மிக குருவின்) கையைப் பிடித்து முரீதாவதுதான் (சீடராவதுதான்). முதல் முஸ்லிம் சமூகமே பைஅத்தால்தான் உருவானது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். தலைவனிடம் சத்தியம் செய்வது அரபிகளின் பழைய வழக்கம்தானே, இதில் புதிதாக என்ன?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

வழக்கம் பழையதுதான். ஆனால் அன்றைய அரேபியாவில் ஒருவனுக்குக் காவல் அவன் பிறந்த குலம். அது கைவிட்டால் கேட்க நாதியில்லை. தம்மைக் காத்துவந்த பெரிய தந்தை அபூ தாலிப் இறந்தபின் மக்காவில் நபிகளுக்கு (ஸல்) வந்த நெருக்கடி அதுதான்.

621-இல் ஹஜ்ஜுக்கு வந்த யத்ரிப்வாசிகள் (யத்ரிப்தான் பின்னாளில் மதீனா) 12 பேர் மக்காவுக்கு அருகே மினாவை ஒட்டிய அகபா கணவாயில் நபியிடம் பைஅத் செய்தார்கள். 10 பேர் கஸ்ரஜ் குலம், 2 பேர் அவ்ஸ் குலம். சில ஆண்டுகளுக்கு முன்தான் புஆஸ் போரில் இந்த இரு குலங்களும் வெட்டிக்கொண்டு மடிந்திருந்தன. இணைவைக்க மாட்டோம், திருட மாட்டோம், பிள்ளைகளைக் கொல்ல மாட்டோம், அவதூறு சொல்ல மாட்டோம் என்று போகிறது அந்த வாக்கு. போரைப் பற்றிப் பேச்சே இல்லை. நபிக்குக் கீழ்ப்படிவதில்கூட 'நல்ல காரியங்களில்' என்று ஒரு வரம்பு இருக்கிறது.

மறு ஆண்டு 73 ஆண்களும் 2 பெண்களும் நள்ளிரவில் கூடாரங்களிலிருந்து ஒவ்வொருவராக நழுவி அதே இடத்துக்கு வந்தார்கள். "உங்கள் பெண்டு பிள்ளைகளைக் காப்பதுபோல என்னைக் காப்பீர்களா?" என்று நபி கேட்டார். வந்தவர்களில் பராஉ இப்னு மஃரூர் ஒப்புக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரான அபுல் ஹைஸம் குறுக்கிட்டார். யூதர்களோடு எங்களுக்கு இருக்கும் உடன்படிக்கைகளை அறுத்துக்கொள்ளப் போகிறோம், நாளை அல்லாஹ் உங்களுக்கு வெற்றி தந்தால் எங்களை விட்டுவிட்டு உங்கள் ஜனங்களிடமே திரும்பிவிடுவீர்களா என்றார். நபி புன்னகைத்தார். உங்கள் ரத்தம் என் ரத்தம், நான் உங்களைச் சேர்ந்தவன், நீங்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்றார். என் பார்வையில் நீங்கள் கேட்கும் 'புதிது' இதுதான். சொந்தபந்தம் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு வாக்கு ஏற்றுக்கொண்டது. அதுவும் கைகொடுப்பவன் எதிர்க்கேள்வி கேட்டுத் தெளிந்த பிறகு!

630-இல் மக்கா வெற்றிக்குப் பின், ஹுனைன் போர்ச் செல்வத்தை நபி தம் சொந்தக் குலமான மக்காவின் குறைஷியருக்கு அள்ளிக் கொடுத்தபோது அன்சார்களுக்கு (மதீனாவில் அவருக்குத் துணைநின்ற முஸ்லிம்களுக்கு) அதே பயம் வந்தது. நபி அவர்களைத் தனியே கூட்டினார். மற்றவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் அல்லாஹ்வின் தூதரோடு வீடு திரும்புவது போதாதா என்றார். தாடி நனைய அழுதார்கள். சொன்னபடி மதீனாவுக்கே திரும்பினார், அங்கேயே மறைந்தார்.

பெண்களின் பைஅத்தையும் சொல்லியாக வேண்டும். தகப்பனோ கணவனோ அவர்களுக்காகச் சொல்லிவிட்டால் போதும் என்று விடவில்லை. குர்ஆனின் மும்தஹினா அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் அவர்களிடம் நேரடியாக வாக்கு வாங்கச் சொல்கிறது. நபி கையைத் தொடாமல் வாய்ச்சொல்லாலேயே வாங்கினார் என்கிறார் அவர் மனைவி ஆயிஷா. மக்காவில் அப்படி வந்தவர்களில், குறைஷித் தலைவர் அபூ சுஃப்யானின் மனைவி ஹிந்தும் ஒருத்தி. "பிள்ளைகளைக் கொல்லக் கூடாது" என்றதும், "சிறுவயதில் நாங்கள் வளர்த்தோம், பெரியவர்களானதும் பத்ர் போரில் நீங்கள் கொன்றீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள் என்பது வரலாற்று நூல்களில் வருகிறது. அவளுடைய பைஅத்தும் ஏற்கப்பட்டது.